மருந்து கொடுக்கப்பட்டவர்களைப் பற்றி எழுதுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். அமெரிக்க உளவு நிறுவனமான சி.ஐ.ஏ. மனித மனத்தைக் கட்டுப்படுத்த வழி தேடி 1953-ல் ரகசியமாகத் தொடங்கிய 'எம்.கே. அல்ட்ரா' சோதனைத் திட்டம் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். விறுவிறுப்பாகத்தான் இருந்தது. ஆனால் திட்டத்தை நடத்திய சிட்னி காட்லீப், மருந்து கொடுக்கப்பட்டவர்களைச் சான் பிரான்சிஸ்கோவில் ஒருவழிக் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து வேவு பார்த்த அதிகாரி என்று அவர்களைச் சுற்றியே கதை ஓடிவிட்டது. எல்.எஸ்.டி. என்ற மனப்பிரமை உண்டாக்கும் மருந்து கொடுக்கப்பட்டவர்களுக்குக் கிடைத்தது ஓரிரு வரிதான்.

மனநலப் பிரிவில் செவிலியராக வேலை பார்த்தவள் என்பதால் எனக்கு இது உறுத்துகிறது. நாம் நீட்டும் மாத்திரையை அங்கே பெரும்பாலானவர்கள் என்ன ஏதென்று கேட்காமல் வாங்கி விழுங்குவார்கள். சிஸ்டர் கொடுத்தால் சரியாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கை. இந்த நம்பிக்கையைத்தான் அந்த ஆட்கள் கருவியாக்கிக்கொண்டார்கள்.

கனடாவின் மாண்ட்ரியலில் ஆலன் நினைவு மனநல மருத்துவமனைக்கு வந்தவர்கள் மனச்சோர்வு, பதற்றம் என்று சாதாரணமாகச் சிகிச்சைக்கு வந்தவர்கள். சி.ஐ.ஏ. பணமும் வாங்கிக்கொண்டு டாக்டர் எவன் கேமரன் அவர்களை வாரக்கணக்கில் மருந்தால் தூங்கவைத்தார். மின்னதிர்ச்சி கொடுத்தார். பதிவு செய்த ஒரே வாக்கியத்தை ஆயிரக்கணக்கான முறை காதில் ஓடவிட்டார். பெற்ற பிள்ளையை அடையாளம் தெரியாமல், சிறுநீரை அடக்கக்கூடத் தெரியாமல் வீடு திரும்பியவர்கள் உண்டு. அமெரிக்காவின் கென்டக்கி மாநிலம் லெக்சிங்டனில் இருந்த போதை மீட்பு மருத்துவமனையில் போதை அடிமைகளான கைதிகள் சிலருக்குத் தொடர்ந்து 77 நாள் எல்.எஸ்.டி. கொடுத்தார்கள். அங்கே சோதனைக்கு உடன்பட்டவர்களுக்குக் கூலி என்ன தெரியுமா? போதைமருந்து. போதையிலிருந்து மீட்க வேண்டிய இடத்தில்! அதைச் சம்மதம் என்று எந்த வாயால் சொல்வது?

'பனிப்போர்க் காலம், அன்றைய அச்சம் அப்படி' என்று கட்டுரையாளர் எழுதுகிறார். ஏற்க முடியவில்லை. நாஜி மருத்துவர்களை விசாரித்த நியூரம்பெர்க் தீர்ப்பு வந்தது 1947-ல். சோதனைக்கு உட்படுபவரின் சம்மதம் இல்லாமல் எதுவும் கூடாது என்பதை முதல் விதியாக எழுதியவர்களே அமெரிக்க நீதிபதிகள்தான். எனவே தெரியாமல் செய்தார்கள் என்ற பேச்சுக்கே இடமில்லை.

கட்டுரையில் விட்டுப்போன ஒருவரைச் சொல்ல வேண்டும். ஜேம்ஸ் ஸ்டான்லி, ராணுவ சார்ஜென்ட். இவருடையது ராணுவம் தனியாக நடத்திய சோதனை. ரசாயனப் போருக்கான பாதுகாப்பு உடைகளைப் பரிசோதிக்க ஆள் வேண்டும் என்றதும் 1958-ல் தானாக முன்வந்தார். அங்கே அவருக்குத் தெரியாமல் எல்.எஸ்.டி. கொடுத்துவிட்டார்கள். அப்புறம் நள்ளிரவில் எழுந்து மனைவியையும் பிள்ளைகளையும் அடிப்பாராம். காலையில் எதுவும் நினைவிருக்காது. குடும்பம் உடைந்தது. 1975-ல் ராணுவத்திடமிருந்து ஒரு கடிதம் வந்தது: எல்.எஸ்.டி. சோதனையில் பங்கேற்ற 'தன்னார்வலர்களை' மறுபடி பரிசோதிக்கிறோம், ஒத்துழையுங்கள் என்று. தனக்கு என்ன நடந்தது என்பதே அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது! வழக்குப் போட்டார். பணியின்போது நேர்ந்த பாதிப்புக்கு ராணுவ வீரர் வழக்குத் தொடர முடியாது என்று 1987-ல் உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் கைவிரித்தது. பிறகு அவருக்காகத் தனியே ஒரு சட்டம் வந்த பின்தான் இழப்பீடு கிடைத்தது.

அவருக்காவது ஒரு கடிதம் வந்தது. எம்.கே. அல்ட்ராவில் சிக்கியவர்களுக்கு அதுவும் இல்லை. 1973-ல் சி.ஐ.ஏ. இயக்குநர் ரிச்சர்ட் ஹெல்ம்ஸ் கோப்புகளை அழிக்கச் சொன்னார், அழித்தார்கள். வேறு இடத்தில் இருந்ததால் தப்பிய சுமார் 20,000 பக்கங்கள் 1977-ல் கிடைத்தன. அவை பெரும்பாலும் கணக்கு வழக்குகள். பணம் யாருக்குப் போனது என்று அவற்றில் இருக்கிறது, மருந்து யாருக்குப் போனது என்று பெரும்பாலும் இல்லை. தனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்றே நம்பிச் செத்தவர்கள் எத்தனை பேரோ! என்னைப் பொறுத்தவரை அந்தச் சோதனைகளுக்குக் கொஞ்சமும் குறைந்த குற்றம் அல்ல, அந்தக் கோப்புகளை அழித்தது.

கேமரனிடம் சிக்கியவர்களில் 77 பேருக்குக் கனடா அரசு 1992-ல் தலா ஒரு லட்சம் டாலர் கொடுத்தது. பாதிப்பு போதாது என்று மற்றவர்களைத் தட்டிக்கழித்தது. அந்தக் குடும்பங்கள் இன்னமும் நீதிமன்றப் படி ஏறிக்கொண்டிருக்கின்றன. தயவுசெய்து கட்டுரையாளரை இன்னொரு கட்டுரை எழுதச் சொல்லுங்கள். அதில் காட்லீப் வேண்டாம், அந்தக் குடும்பங்கள் வரட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
பாளையங்கோட்டை