அளவு தவறு, வரி மட்டும் சரியா?

ஆசிரியருக்கு வணக்கம்.

2022-இல் தமிழ்நாட்டில் சொத்து வரியை உயர்த்தியபோது, சென்னைக்கு வெளியே உள்ள நகரங்களில் 601 முதல் 1,200 சதுர அடி வரையுள்ள வீடுகளுக்கு 50 சதவீதம், 1,201 முதல் 1,800 வரை 75 சதவீதம் என்று கூட்டினார்கள். சில அடிகள் கூடினாலே அடுத்த படிக்குப் போய்விடும். எங்கள் வீடு 1,140 சதுர அடி. எப்போதோ இடித்துவிட்ட தகரக் கொட்டகையையும் சேர்த்து 1,230 என்று பதிவு செய்திருக்கிறார்கள்.

மனு கொடுத்தால், “முதலில் வரியைக் கட்டுங்க, அப்புறம் பார்க்கலாம்” என்கிறார்கள். வரி கட்ட நான் மறுக்கவில்லை. குப்பை அள்ளவும் தெருவிளக்கு எரியவும் அந்தப் பணம் வேண்டும், சரி. இல்லாத கொட்டகைக்கு ஏன் கட்ட வேண்டும்? ஆண்டுதோறும் வரும் 6 சதவீத உயர்வும் இந்தத் தவறான தொகையின் மேல்தான் ஏறுகிறது. ஓய்வூதியத்தில் குடும்பம் நடத்துபவர்களுக்கு இது பெரிய சுமை.

வரி ரசீதிலேயே பரப்பளவு, மண்டலம், சதுர அடி விகிதம், கட்டடத்தின் வயது எல்லாவற்றையும் அச்சிட வேண்டும். ஆட்சேபம் தெரிவித்தவரின் வீட்டை அவர் முன்னிலையில் மறுபடி அளந்து, எழுத்தில் பதில் தர வேண்டும். அதுவரை பழைய வரியையே வாங்கிக்கொள்ள நகராட்சி நிர்வாகத் துறை உத்தரவிட வேண்டும்.

– வீட்டு உரிமையாளர் ஒருவர்