அந்த நோட்டை ஒரு முறை வாங்கிப் படியுங்கள்

மாற்றுத்திறனாளி சான்று முகாம் நடத்தும் அலுவலர்களுக்கும் மருத்துவக் குழுவினருக்கும் வணக்கம்.

தர்மபுரி மாவட்டத்தில், பென்னாகரம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து எழுதுகிறேன். போன மாத முகாமில் தம்பியோடு உங்கள் மேசை முன்னால் உட்கார்ந்திருந்தவள் நான். மாத்திரை தம்பியை என்ன செய்கிறது என்று குறித்து வைத்திருக்கிறேன் என்று சொல்லி, நீல அட்டை போட்ட பள்ளிக்கூட நோட்டு ஒன்றை நீட்டினேன். உங்களில் ஒருவர் அதைப் பிரிக்காமலே என் பக்கம் தள்ளிவிட்டார். "இது மருந்தோட வேலைம்மா, நோயோட வேலை இல்ல. இதுக்கெல்லாம் மார்க் கிடையாது" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. பின்னால் வரிசை நீளம், அவருக்கும் அவசரம். ஆனால் ஒரு மாதமாக அந்த வார்த்தை என்னைத் தூங்கவிடவில்லை.

தம்பிக்கு ஒன்பது வருடமாக மனச்சிதைவு நோய். இப்போது காதில் குரல் கேட்பதில்லை, ராத்திரியில் எழுந்து ஓடுவதில்லை. அது மாத்திரையால்தான், அதற்காக மருத்துவர்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். முகாமிலும் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னான். பெயர், ஊர், கிழமை எல்லாம் சரி. ஊனம் நாற்பது சதவீதத்துக்குக் கீழே என்று எழுதி, அட்டை இல்லாமல் அனுப்பிவிட்டீர்கள்.

அவன் தையல்காரன். பள்ளிக்கூடம் திறக்கும் மாதத்தில் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் சீருடை அவன் கையால்தான். நோய்க்கு ரிஸ்பெரிடோன் மாத்திரை ஆரம்பித்த பிறகு விரல் நடுங்குகிறது. நோட்டில் மார்ச் மாதத்துப் பக்கம் ஒன்றில் இப்படி எழுதியிருக்கிறேன்: "ஊசியில் நூல் கோர்க்க உட்கார்ந்தான். அரை மணி நேரம். முடியவில்லை. நான் வாங்கிக் கோர்த்துக் கொடுத்தேன். ஊசியை என் கையிலேயே விட்டுவிட்டு எழுந்து போய்விட்டான்." அன்றைக்கு மூடிய மெஷினை அவன் இன்னும் திறக்கவில்லை. நடுக்கத்துக்கு இன்னொரு மாத்திரை கொடுத்தார்கள். அதில் வாய் வறண்டு களி உருண்டை தொண்டையில் இறங்க மாட்டேன் என்கிறது. ராத்திரி ஒலான்சபின் மாத்திரை போட்டால் காலை பதினொரு மணி வரை எழுப்ப முடியாது. முகாமுக்கு ஒன்பது மணிக்கு வரச் சொன்னீர்கள். அன்றைக்கு அவனை எப்படிக் கிளப்பிக் கூட்டிவந்தேன் என்பதும் நோட்டில் இருக்கிறது.

வேலை செய்ய முடிகிறதா என்பது, மனநோயால் வரும் ஊனத்தை அளக்க நீங்கள் வைத்திருக்கும் ஐடியாஸ் அளவுகோலிலேயே ஒரு தலைப்பு. அவன் வேலை நின்றது குரல் கேட்டதாலா, கை நடுங்கியதாலா என்று நீங்கள் பிரிக்கிறீர்கள். மூடிக் கிடக்கும் தையல் மெஷினுக்கு இரண்டும் ஒன்றுதான். மாத்திரையை நிறுத்தினால் நோய் திரும்பும், போட்டால் கை போகும். இரண்டும் சேர்ந்ததுதானே அவன் நிலைமை?

வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற ஒரு அம்மா, "அடுத்த தடவை நாலு நாள் மாத்திரையை நிறுத்திட்டுக் கூட்டிட்டு வா, அப்பத்தான் தருவாங்க" என்று காதில் சொன்னார். அவர் கெட்டவர் இல்லை. நான் அதைச் செய்ய மாட்டேன். ஆனால் ஒரு குடும்பத்தை அப்படி யோசிக்க வைக்கிற முறை சரியா என்று தயவுசெய்து நீங்களே சொல்லுங்கள்.

மருந்தின் பக்கவிளைவுகளைச் சொல்ல வேண்டும் என்று 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 22ஆம் பிரிவு சொல்கிறது. எங்கள் ஓ.பி. சீட்டில் மாத்திரையின் பெயரும் எத்தனை வேளை என்பதும் மட்டும்தான் இருக்கின்றன. நடுக்கம், தூக்கம் என்று ஒரு வரி கூட இல்லை. சீட்டில் இல்லாததை நீங்கள் ஏற்க மாட்டீர்கள், நான் எழுதியதைப் படிக்கவும் மாட்டீர்கள். அப்புறம் நாங்கள் எதைக் காட்டுவது?

டவுன் பஸ்ஸில் எனக்கு டிக்கெட் இல்லை, மாற்றுத்திறனாளி அட்டை இல்லாததால் அவனுக்கு உண்டு. மாதம் 1,500 ரூபாய் உதவித்தொகைக்காக இதுவரை எத்தனை நாள் கூலியை விட்டிருக்கிறேன், எத்தனை ஜெராக்ஸ் எடுத்திருக்கிறேன், எத்தனை முறை "கம்ப்யூட்டர் வேலை செய்யல, திங்கக்கிழமை வாங்க" என்று கேட்டுத் திரும்பியிருக்கிறேன்! உடம்பு முடியாதவர்களைத்தான் இந்த நாட்டில் அதிகம் நடக்க வைக்கிறார்கள். சரி, அதையெல்லாம் இந்தக் கடிதத்தில் கொட்டக் கூடாது. மன்னியுங்கள்.

நான் கேட்பது இதுதான். மாத்திரை எழுதும் மருத்துவர், அது அந்த ஆளை என்ன செய்கிறது என்பதையும் சீட்டில் எழுதட்டும். வீட்டில் குறித்து வைத்ததையும் குழு வாங்கிப் பார்க்கட்டும், மதிப்பெண் போடும்போது அதைக் கணக்கில் எடுக்கட்டும். சந்தேகம் இருந்தால் ஊசியும் நூலும் அவன் கையில் கொடுத்துப் பாருங்கள்.

மறு பரிசீலனைக்கு மனு கொடுத்திருக்கிறேன். அடுத்த முகாமுக்குத் தம்பியைக் கூட்டி வருவேன், மாத்திரையை நிறுத்தாமல். நோட்டும் கையில் இருக்கும். தயவுசெய்து அதை வாங்கிப் படியுங்கள்.

இப்படிக்கு,
தையல்காரனின் அக்கா