செக்கிங் டேபிளில் என் எதிரே நின்ற அக்காவுக்கு

அன்புள்ள அக்கா,

ஊராட்சித் தலைவர் பதவிக்குப் போட்டியிடுவதென்று சென்ற ஞாயிற்றுக்கிழமை முடிவு செய்துவிட்டேன். உங்களுக்குத் தனியாக எழுதியிருக்க வேண்டிய கடிதம் இது. ஆனால் என்னிடமிருந்த உங்கள் எண்ணில் இப்போது வேறு யாரோ பேசுகிறார்கள். தேனிப் பக்கம் என்பதற்கு மேல் முகவரியும் தெரியாது. ஆகவே பலரும் படிக்கக்கூடிய இடத்தில் எழுதுகிறேன். உங்கள் பெயர், தைத்த துணிகளை நாம் செக்கிங் செய்த திருப்பூர்ப் பக்கத்துக் கம்பெனியின் பெயர், ஊரின் பெயர் எதையும் எழுதவில்லை. தட்டச்சு செய்து தரும் அண்ணன் மகள், தேர்தல் நேரத்தில் இது தேவையா அத்தை என்று இரண்டு முறை கேட்டுவிட்டாள்.

2025 ஜனவரி 5ஆம் தேதியோடு பழைய உறுப்பினர்களின் பதவிக்காலம் முடிந்துபோனது. அதன் பிறகு தனி அலுவலரின் கையில் இருந்த ஊராட்சியில் ஒரு தெருவிளக்கு அணைந்தால்கூட யாரிடம் போய்ச் சொல்வதென்று தெரியாமல்தான் ஊர் நடந்தது. ஊராட்சித் தலைவர் தேர்தலில் கட்சிச் சின்னம் கிடையாது என்பதும், பெண்களுக்குப் பாதி இடம் உண்டு என்பதும் என்னைப் போன்றவளுக்குத் துணிச்சல் தந்தன. பெண்ணுக்கு ஒதுக்கிய இடத்தில் அவள் வீட்டுக்காரர் உட்கார்ந்து கையெழுத்துக்கு மட்டும் அவளைக் கூப்பிடுகிற வழக்கத்தைப் பற்றி இங்கே நான் அதிகம் எழுதாமல் விடுவது நல்லது. எழுதினால் இன்னாரைச் சொல்கிறேன் என்று கணக்குப் போடுவார்கள்.

உங்கள் முதல் வாக்குறுதி என்ன என்று பெரியவர்கள் கேட்டபோது, தார்ச்சாலையையோ கோயில் வாசலில் மேற்கூரையையோ எதிர்பார்த்தார்கள். மாலை நான்கு மணியிலிருந்து இரவு ஒன்பதரை வரை, கம்பெனிக்குப் போகும் பெண்களின் பிள்ளைகள் இருப்பதற்கு விளக்கும் தண்ணீரும் பார்த்துக்கொள்ள ஆளும் உள்ள ஒரு கூடம் என்றேன். ஒருவரும் பேசவில்லை. அது எங்கிருந்து வந்தது என்பது இந்த ஊரில் எனக்கும், வரிசையாகக் கட்டிய வாடகை வீடுகளான லைன் வீட்டில் இருந்த ஆத்தாவுக்கும் மட்டும்தான் தெரியும். ஆத்தாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

2010, நவம்பர் கடைசி வாரம். தீபாவளிக்கு ஊருக்குப் போனவர்களில் பாதிப்பேர் திரும்பாததால் சரக்கு தேங்கி, உங்களை இரண்டாம் யூனிட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஐந்தரைக்கு வந்து பையனுக்குச் சோறு ஊட்டித் தூங்கவைத்துவிட்டு, கதவைப் பூட்டிச் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனீர்கள். காம்பவுண்டுக் கிணற்றுக்குச் சுற்றுச்சுவர் இல்லாததால்தான் பூட்டினீர்கள் என்பது தெரியாதவர்கள் இதைப் படித்துவிட்டு உங்களைக் குற்றம் சொல்லக்கூடும். ஆகவே அதை மட்டும் எழுதிவிடுகிறேன். எட்டரைக்கு ஒன்றரை ஷிப்ட் முடித்து நான் போய்க் கதவைத் திறந்து பையனை என் வீட்டுக்குத் தூக்கிப் போவதாகப் பேச்சு.

எட்டரைக்குச் சூப்பர்வைசர் வந்து, விடியற்காலையில் லாரி ஏற வேண்டும், யாரும் கிளம்ப வேண்டாம் என்றார். சாவி என் மடியில் இருந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அரைமணி நேரம் விட்டிருப்பார். அந்த அளவுக்கு மோசமான மனிதர் அல்ல. நான் சொல்லவில்லை. இன்னும் அரை ஷிப்ட் கூலியும் நைட் பேட்டாவும் கிடைத்தால் சனிக்கிழமை வட்டிக்காரருக்கு முழுதாகக் கொடுத்துவிடலாம் என்று கணக்கு ஓடியது. பையன் தூங்கினால் எழுந்திருக்க மாட்டான் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். பத்து மணிக்குப் பரோட்டாப் பொட்டலம் கொடுத்தார்கள், சாப்பிட்டேன்.

ஒரு மணிக்கு மேல் கேட்டருகில் நீங்கள் நின்றுகொண்டிருந்தீர்கள். நான் அப்போதுதான் வேலை முடிந்து வருகிறேன் என்பது உங்களுக்குத் தெரியாது. பையனை விட்டுவிட்டு உங்களை அழைத்துப்போக வந்திருப்பதாக நினைத்துக்கொண்டு, பையன் தூங்கிட்டானா என்று கேட்டீர்கள். தூங்கறான்க்கா என்றேன்.

அந்தச் சாலையில் அப்போது ஒரு விளக்கு கிடையாது. கால் மணி நேரம் நடந்தோம். நீங்கள் அன்று நிறையப் பேசினீர்கள். பையனை ஜூன் மாதம் ஊரில் பள்ளிக்கூடத்தில் சேர்க்கலாமா இங்கேயே சேர்க்கலாமா என்று கேட்டுக்கொண்டே வந்தீர்கள். நான் உம் கொட்டிக்கொண்டு வந்தேன். லைன் வீட்டுக்குள் நுழைந்தபோது உங்கள் கதவுக்கு வெளியே ஆத்தா தரையில் உட்கார்ந்திருந்தார். கதவின் அடியில் இருந்த இடுக்கு வழியாகப் பையனின் நான்கு விரல்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன; ஆத்தா அவற்றின் மேல் தன் கையை வைத்திருந்தார். ‘அழுது அழுது இப்பத்தானுங்க கண்ணசந்தான், மெதுவாத் தொறங்க அம்மிணி, கதவு நெத்தியில பட்டுரும்’ என்றார். சாவியை நான் மடியிலிருந்து எடுத்ததை நீங்கள் பார்த்தீர்கள்.

மன்னித்துவிடுங்கள் என்று எழுதத்தான் இத்தனை தூரம் வந்தேன். தாமதமாகப் போனதற்குக்கூட இல்லை. அந்த ஒரு சொல்லுக்காகவும், அதற்குப் பிறகு நடந்த கால் மணி நேரத்துக்காகவும்.

ஆனால் அக்கா, நீங்கள் அன்று ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம். திட்டவில்லை. சனிக்கிழமை கூலி வாங்கிக்கொண்டு, எனக்குச் சொல்லாமல் பையனைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டீர்கள். போகுமுன், ஒரு பொட்டலம் பரோட்டாவுக்கு என் பிள்ளையை விட்டுவிட்டாள் என்று வரிசை முழுக்கச் சொல்லிவிட்டுப் போனது மட்டும் எப்படி முடிந்தது? அந்தப் பேச்சை நான் ஓராண்டு கேட்டேன். நீங்கள் கட்டாமல் விட்ட இரண்டு தவணைச் சீட்டுப் பணத்தையும் நான்தான் கட்டினேன். அன்றிரவு வேலை செய்ய நீங்களும்தானே ஒப்புக்கொண்டீர்கள்? இதை எழுதக் கூடாதென்று அண்ணன் மகள் சொல்கிறாள். எழுதியாகிவிட்டது, இருக்கட்டும்.

நீங்கள் போன இரண்டு மாதத்தில், 2011 ஜனவரி 28 அன்று, திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. துணி இல்லாமல் டேபிள்கள் காலியாகக் கிடந்தன. எப்படியும் நீங்கள் போயிருக்கத்தான் வேண்டும், என்னால் அல்ல என்று அப்போது மனத்தைத் தேற்றிக்கொண்டேன். சாயக் கழிவால் நொய்யல் ஆறு அவ்வளவு கெட்டுப்போனதில் எனக்கு ஓர் ஆறுதல் இருந்தது என்பதை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

நம் கம்பெனியில் முதல் மாடியில் ‘குழந்தைகள் காப்பகம்’ என்று பலகை மாட்டிய அறை நினைவிருக்கும். துணி வாங்கும் வெளிநாட்டுப் பையர்களின் ஆடிட் வரும் நாளில் அட்டைப்பெட்டிகளை அகற்றித் தொட்டில் கட்டி, மறுநாள் மீண்டும் அட்டைப்பெட்டி அடுக்குவார்கள். முப்பது பெண்களுக்கு மேல் வேலை செய்கிற தொழிற்சாலையில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் காப்பகம் இருக்க வேண்டும் என்று அப்போது நடைமுறையில் இருந்த 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே சொன்னது. ஐம்பது பேர் வேலை செய்தாலே காப்பகம் வேண்டும், தாய் நாளில் நான்கு முறை போய்ப் பிள்ளையைப் பார்த்துவரலாம் என்று மகப்பேறு நலச் சட்டத்தின் 2017ஆம் ஆண்டுத் திருத்தமும் பிறகு சொன்னது. நாம் அந்த அறையைக் கடந்து எத்தனை முறை தண்ணீர் குடிக்கப் போயிருப்போம்! அது நமக்கு உரியது என்று இருவருக்குமே தோன்றவில்லை.

முதலாளிகளுக்கு எதிராக நான் நிற்பதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருட்களுக்கான வரியை 50 சதவீதமாக்கியபோது சிறிய கம்பெனிக்காரர்கள் பட்ட வெசனத்தைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான். என் தம்பியும் பத்து மெஷின் போட்டு, மற்றக் கம்பெனிகளுக்குக் கூலிக்குச் செய்துதரும் ஜாப் ஒர்க் செய்கிறவன்தான். ஆனால் நெருக்கடி வரும்போதெல்லாம் முதலில் ஏன் பிள்ளைகளின் நேரத்தில் கைவைக்கிறார்கள் என்று கேட்பதற்கு எனக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

ஊராட்சித் தலைவரால் கூலியை உயர்த்த முடியாது. அங்கன்வாடியின் நேரத்தை மாற்றவும் முடியாது, அது வேறு துறை. முடியாததை முடியும் என்று சொல்லி ஓட்டுக் கேட்க மாட்டேன். ஆனால் மகளிர் குழுக் கட்டடம் மாலையில் பூட்டியே கிடக்கிறது. தொழில் வரி அரையாண்டுக்கு ஒருமுறை ஊராட்சிக்கு வருகிறது. ஆறு மாதத்தில் 21,000 ரூபாய்க்கு மேல் சம்பாதிக்கும் எவரும் அதைக் கட்ட வேண்டியவரே. அதாவது நம் ஊராட்சி எல்லைக்குள் டெய்லராகவோ செக்கிங்கிலோ முழு மாதமும் வேலை செய்யும் பெண்கள் எல்லோரும் அந்தக் கணக்கில் வருவார்கள். அந்தப் பணத்தில் ஒரு பங்கையும் கம்பெனிகளிடம் கேட்டு வாங்கும் பங்கையும் வைத்து, நம் ஊர்ப் பெண்கள் இருவருக்குச் சம்பளம் கொடுத்துக் கூடத்தை நடத்தலாம் என்பது என் கணக்கு. அடுத்தது, கம்பெனி வேன் இறக்கிவிடும் இடத்திலிருந்து லைன் வீடுகள் வரை விளக்கு. மூன்றாவது, மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊராட்சி அலுவலகத்தில் உட்கார்ந்து, ஒவ்வொருவர் பெயரும் இ.எஸ்.ஐ. மருத்துவக் காப்பீட்டிலும் பி.எஃப். சேமநிதியிலும் உண்மையாகவே ஏறியிருக்கிறதா என்று பார்த்துக் கொடுப்பது. மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவருக்கு இ.எஸ்.ஐ. உண்டு; தொழிலாளி முக்கால் சதவீதமும் நிர்வாகம் மூன்றேகால் சதவீதமும் கட்ட வேண்டும். காண்ட்ராக்டில் பீஸ் ரேட்டுக்குத் தைக்கும் பலருக்குத் தங்கள் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை என்பது உடம்புக்கு முடியாமல் போகும் நாளில்தான் தெரிகிறது. தண்ணீரைப் பற்றி மற்ற வேட்பாளர்கள் பேசுகிறார்கள். 2024 ஆகஸ்டில் அத்திக்கடவு–அவினாசித் திட்டம் தொடங்கி 1,045 குளம் குட்டைகளுக்குத் தண்ணீர் வந்ததில் எனக்கும் மகிழ்ச்சியே. குழாயடிச் சண்டை மட்டும் நீங்கள் இருந்த காலத்தில் போலவே இருக்கிறது.

இங்கேதான் ஒரு சிக்கல். இந்தக் கூடம் யாருக்காகவோ அவர்களில் பெரும்பாலோருக்கு இங்கே ஓட்டு இல்லை. அன்று உங்களுக்கு இல்லை; இன்று ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்திருப்பவர்களுக்கும் இல்லை. ஆண்டுக்கு ஆறு முறை கூடும் கிராம சபையிலும் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவர்தான் உறுப்பினர். வரி கட்டலாம், வாடகை கொடுக்கலாம், கையைத் தூக்க முடியாது. ஒறம்பரைக்கு, அதாவது வந்துபோகும் விருந்தாளிக்கு, செலவு செய்து ஊர்க்காரனைப் பட்டினி போடப் போகிறாயா என்று ஒரு பெரியவர் என்னைக் கேட்டார். லைன் வீடு கட்டி வாடகையில் வாழ்கிறவர் அவர். பதினைந்து ஆண்டு இருந்தாலும் ஒறம்பரைதானுங்களா என்று மட்டும் கேட்டுவிட்டு வந்தேன். அந்த வீட்டில் ஐந்து ஓட்டு. போயிருக்கும்.

அந்த இரவைப் பற்றி வீடு வீடாகச் சொன்னால் பெண்கள் ஓட்டு முழுதும் விழும் என்று எனக்காக வேலை செய்கிறவர்கள் சொல்கிறார்கள். உங்கள் பையனின் விரல்களைக் காட்டி ஓட்டுக் கேட்க எனக்கு மனமில்லை. இங்கே எழுதிவிட்டு அதைச் சொல்வதில் நியாயம் இல்லை என்பதும் தெரிகிறது. அவனுக்கே இப்போது ஓட்டுப் போடும் வயதாகியிருக்கும். அவனுக்கு அந்த இரவு நினைவிருக்கிறதா என்று கேட்க வேண்டும் போல இருக்கிறது. நினைவில்லை என்று நீங்கள் சொன்னால் நான் நம்புவேனா என்று தெரியவில்லை.

உங்கள் பழைய வீட்டில் இப்போது ஓர் ஒடிசாக் குடும்பம் இருக்கிறது. போன வாரம் அங்கே போனேன். பல்லி, பூரான் வருகிறதென்று கதவின் அடியில் இருந்த இடுக்கைச் சிமெண்ட் பூசி அடைத்துவிட்டார்கள். வாசலில் ஒரு சின்னப் பெண் தனியாக விளையாடிக்கொண்டிருந்தாள். அம்மா எப்போது வருவாள் என்று கைகாட்டிக் கேட்டேன், எட்டு விரலைக் காட்டினாள்.

என் எண் மாறவில்லை அக்கா. இதை யாராவது உங்களிடம் படித்துக் காட்டினால் கூப்பிடுங்கள். ஒன்பதரைக்கு மேல் கூப்பிடுங்கள், அதுவரை லைன் வீடுகளில் இருப்பேன். சீட்டுப் பணத்தைப் பற்றி நான் பேச மாட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் எதிர் டேபிள் தங்கை