அரசியின் முகமும் தேவியின் உருவும்

அன்புள்ள நண்பர் ராமநாதன் அவர்களுக்கு,

வணக்கம். முழங்கால் வலி குறைந்து மறுபடி நடக்கத் தொடங்கிவிட்டீர்கள் என்று அறிந்து மகிழ்ந்தேன். இங்கு அனைவரும் நலம். ரோமானிய வெள்ளிக் காசுகளில் முன்புறம் அரசியின் தலை இருக்க, பின்புறத்தில் ஏன் ஒரு தேவி நிற்கிறாள் என்று கேட்டிருந்தீர்கள். அந்த அரசியிடம் அரண்மனை எதை எதிர்பார்த்தது என்பதைத் தேவியின் உருவே ஊரறியச் சொல்கிறது என்பது என் எண்ணம்.

ரோமப் பேரரசர் செப்டிமியஸ் செவரஸின் மனைவி ஜூலியா டோம்னாவின் தினாரியஸ் என்னும் வெள்ளிக் காசு ஒன்றைப் பாருங்கள். நம் விரல் நகத்தைவிடச் சற்றே பெரிய அந்தக் காசின் பின்புறத்தில், கப்பலின் முன்முனையில் ஒரு காலை ஊன்றியபடி எகிப்தியத் தேவி ஐசிஸ் தன் குழந்தை ஹோரஸுக்குப் பாலூட்டுகிறாள். அவளுக்குப் பின்னால் ஒரு பலிபீடத்தின் மேல் சுக்கான் சாய்ந்து கிடக்கிறது. உள்நாட்டுப் போரில் வென்று கி.பி. 193இல் அரியணை ஏறிய புதிய வம்சத்துக்கு, இரு ஆண் மக்களைப் பெற்ற தாயைவிடப் பெரிய உறுதிமொழி வேறு என்ன இருந்திருக்க முடியும்?

அந்த உறுதிமொழி பொய்த்த கதையும் வெள்ளியிலேயே இருக்கிறது. 202இல் மூத்த மகன் கராகல்லாவை மணந்த பிளாட்டில்லாவின் காசுகளில் மணமக்கள் கைகோத்து நிற்கின்றனர், ஒற்றுமைத் தேவி கன்கார்டியாவும் வருகிறாள். ஆனால் 205இல் அவள் தந்தை கொல்லப்பட, அவள் நாடு கடத்தப்பட்டுப் பின்னர் கணவனின் ஆணையாலேயே உயிரிழந்தாள்.

என் மனத்துக்கு மிக நெருக்கமானவை, இவர்களுக்கு முந்திய அரசியான மூத்த ஃபாஸ்டினாவின் காசுகள். 140இல் அவள் இறந்ததும் ரோமின் ஆட்சி மன்றமான செனட் அவளைத் தெய்வமாக அறிவித்தது. கணவரான பேரரசர் அன்டோனினஸ் பயஸ் 161இல் மறையும் வரை, பின்னிய கூந்தலை உச்சியில் கொண்டையாக முடிந்த அவள் முகத்தைக் காசுகளில் பொறித்துக்கொண்டே இருந்தார். அரசியல் லாபமும் அதில் இருந்திருக்கும், மறுக்கவில்லை. ஆயினும் அத்தனை ஆண்டு நீடித்த அந்த நினைவில் அன்பும் இருந்தது என்றே நம்புகிறேன்.

நம் கொங்கு நாட்டில், வெள்ளலூர் போன்ற இடங்களில் கிடைத்த ரோமப் பேரரசன் திபேரியஸின் காசுகளிலும் கிளையும் செங்கோலும் ஏந்தி ஒரு பெண் அமர்ந்திருக்கிறாள். பெயர் பொறிக்கப்படவில்லை. அவள் அமைதித் தேவி என்பாரும், தேவியின் கோலத்தில் அமர்ந்த அவன் தாய் லிவியா என்பாரும் உண்டு. நான் லிவியா பக்கம். உங்கள் கருத்தை அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.

என்றும் அன்புடன்,
சுந்தரம்