வழிச்செலவுக் கணக்கு

மஞ்சக்குப்பம், கடலூர்

அன்புள்ள தம்பிக்கு அம்மா எழுதிக்கொள்வது. நலம், நலமறிய ஆவல்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ தொலைபேசியில் கேட்ட கேள்விக்கு, அடுப்பில் பால் இருந்த அவசரத்தில் ஏதோ சொல்லி வைத்துவிட்டேன். மெம்பிஸில் உங்கள் அலுவலகத்தார் செயின்ட் ஜூட் குழந்தைகள் மருத்துவமனைக்காக ஓடிப் பணம் திரட்டியதையும், அங்கே சிகிச்சை பெறும் எந்தக் குடும்பத்துக்கும் பில் என்ற ஒன்றே போவதில்லை என்பதையும் சொல்லிவிட்டு, "ஜிப்மரில்தான் எல்லாம் இலவசமாயிற்றே அம்மா, பிறகு உங்கள் அறக்கட்டளைக்குப் பணம் எதற்கு?" என்று கேட்டாய். குறை சொல்வதற்காக நீ கேட்கவில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் 31 ஆண்டுகள் அஞ்சலகத்தில் மணியார்டர் கவுண்ட்டரிலும் சேமிப்பு கவுண்ட்டரிலும் உட்கார்ந்திருந்தவளுக்கு, பணம் எங்கிருந்து எங்கே போகிறது என்ற கேள்விக்குப் பாதிப் பதில் சொல்லிவிட்டு நிம்மதியாக இருக்க முடியவில்லை.

நீ சொன்னது உண்மைதான். புதுச்சேரி கோரிமேட்டில் இருக்கும் அந்த அரசு மருத்துவமனையில், புற்றுநோய் வந்த ஏழைக் குடும்பத்துப் பிள்ளைக்கு மருத்துவருக்கும் படுக்கைக்கும் பெரும்பாலான மருந்துகளுக்கும் கையிலிருந்து கொடுக்க வேண்டியது மிகக் குறைவு. தமிழ்நாட்டு மருத்துவமனைகளிலும் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கிறது. இவ்வளவும் இருந்தும் ஒரு குடும்பம் எப்படி நொடித்துப்போகிறது என்பதை, அப்படிப்பட்ட பிள்ளைகளின் குடும்பங்களுக்குத் துணைநிற்கும் எங்கள் அறக்கட்டளையின் கணக்கு நோட்டை என் கையில் கொடுத்த பிறகுதான் நான் புரிந்துகொண்டேன்.

பிள்ளைகளுக்கு வரும் புற்றுநோய்களில் அதிகமாக வருவது ரத்தப் புற்றுநோய். அதற்குச் சிகிச்சை இரண்டரை ஆண்டு, சிலருக்கு மூன்று ஆண்டு. முதல் மாதம் பெரும்பாலும் வார்டிலேயே கழிகிறது. வாரத்துக்கு ஒருமுறை நரம்பில் மருந்து, இடையிடையே முதுகுத்தண்டில் ஊசி, அடிக்கடி ரத்தப் பரிசோதனை. அந்த ஒரு மாதத்தின் முடிவில் பெரும்பாலான பிள்ளைகளின் ரத்தத்தில் நோய் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குக் குறைந்துவிடுகிறது. ஆபத்து தொடங்குவது அங்கேதான். பிள்ளை எழுந்து விளையாடுகிறது, சோறு கேட்கிறது. ஊரில் நடவு தொடங்கிவிட்டது, இளைய பிள்ளை பாட்டியிடம் அழுதுகொண்டிருக்கிறது, கடன் கொடுத்தவர் வாசலுக்கு வந்துவிட்டார். "சரியாகிவிட்டதே, இனி எதற்கு?" என்று அந்த வீட்டில் யாராவது ஒருவர் சொன்னால், மறுப்பதற்கு அந்தத் தாயிடம் என்ன இருக்கிறது? மறைந்திருக்கும் நோய் திரும்பாமல் இருப்பதற்குத்தான் மீதமுள்ள இரண்டு ஆண்டுகளும். இடையில் நின்றுவிட்டுத் திரும்பி வருகிற பிள்ளையைக் காப்பாற்றுவது, முதல்முறை வருகிற பிள்ளையைக் காப்பாற்றுவதைவிட மிகக் கடினம் என்று மருத்துவர்கள் எங்களிடம் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள்.

காட்டுமன்னார்கோயில் பக்கத்திலிருந்து வரும் ஒரு தாயை நினைத்துக்கொள். விடியற்காலை நான்கு மணிக்குப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பி, சிதம்பரம், கடலூர், புதுச்சேரி என்று பேருந்து மாறி, அங்கிருந்து கோரிமேட்டுக்கு வந்து ரத்தம் கொடுத்துவிட்டு வரிசையில் உட்கார வேண்டும். பெண்களுக்குக் கட்டணமில்லாப் பேருந்து இருக்கிறதே என்பாய். அது டவுன் பஸ்ஸுக்குத்தான், இந்தத் தூரத்துக்கு ஓடும் வண்டிகளுக்கு இல்லை. கூடவே தந்தையும் வந்தால் அவருடைய அன்றைய கூலி போயிற்று. ரத்த அணுக்கள் குறைவாக இருக்கின்றன, இரண்டு நாள் கழித்து வாருங்கள் என்று சொல்லிவிட்டால் அந்தப் பயணம் முழுவதும் மறுபடியும். இப்படி எத்தனை முறை வரவேண்டியிருக்கும் என்று முதல் நாளில் அவர்களுக்குத் தெரிவதில்லை என்பது ஒருவகையில் நல்லதுதான். சேமிப்பு கவுண்ட்டரில் இருந்த காலத்தில், முதிர்வுக்கு முன்பே ஆர்.டி. கணக்கை மூடிப் பணம் கேட்டு வந்தவர்கள் எத்தனை பேர்! படிவத்தைச் சரிபார்த்தேனே தவிர, ஏன் மூடுகிறீர்கள் என்று ஒருவரையும் கேட்டதில்லை.

இந்த இடத்தில்தான் எங்கள் வேலை. கோரிமேட்டில் வாடகைக்கு எடுத்திருக்கும் வீட்டில் ஆறு அறைகள். ஓர் அறைக்கு ஒரு குடும்பம், எல்லோருக்கும் ஒரே சமையலறை, கொதித்து ஆறிய தண்ணீர், பிள்ளைக்கு நாள்தோறும் நன்றாக வேகவைத்த முட்டை. உடம்பில் சத்தில்லாத பிள்ளை மருந்தைத் தாங்காது என்பதால் முட்டைக் கணக்கில் மட்டும் நான் கஞ்சத்தனம் செய்வதில்லை. ரத்தம் உறைய உதவும் தட்டணு தேவைப்படும்போது அழைப்பதற்குக் கொடையாளர் பட்டியல் ஒன்று வைத்திருக்கிறோம். ரத்த வங்கியில் தட்டணு ஐந்து நாள்தான் நிற்கும் என்பதால் முன்கூட்டியே சேர்த்துவைக்க வழியில்லை. ஊருக்குத் திரும்பும் ஒவ்வொரு தாயிடமும் ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் கொடுத்து, பார்க்கக் கற்றுக்கொடுக்கிறோம். 100.4 என்ற எண்ணை அவர்கள் எதற்கும் மறக்கக்கூடாது. மருந்தால் வெள்ளணுக்கள் இறங்கியிருக்கும் பிள்ளைக்கு அந்த அளவு காய்ச்சல் வந்தால், கசாயம் கொடுத்துக் காலைவரை பார்ப்போம் என்று இருக்க முடியாது. நள்ளிரவானாலும் கிளம்பியாக வேண்டும். எழுத்தறியாத ஒரு பாட்டி, அந்த எண்ணைக் கதவுக்குப் பின்னால் சுண்ணாம்பால் எழுதச் சொல்லி, தெர்மாமீட்டரில் தெரிவதோடு ஒப்பிட்டுப் பார்த்தே பேரனை ஓர் இரவு எங்களிடம் கொண்டுவந்து சேர்த்தாள்.

இனி, உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் கணக்கை ஏற்றபோது, பேருந்துச் சீட்டைக் கொண்டுவந்து கொடுத்தால் வழிச்செலவைக் கொடுப்பது என்று விதி வைத்தேன். வவுச்சர் இல்லாமல் ஒரு பைசாவும் கொடுத்துப் பழக்கமில்லாதவள் நான். பண்ருட்டிப் பக்கத்திலிருந்து ஒரு பெண், ஏழு வயதுப் பையனுடன் வந்துகொண்டிருந்தாள். முந்திரிக்கொட்டை உடைக்கும் வேலை. ஓட்டின் பால் பட்டு விரல் நுனிகள் கறுத்து உரிந்திருக்கும். ஒருநாள் சுருக்குப்பையிலிருந்து நான்கு சீட்டுகளை எடுத்து மேசைமேல் வைத்தாள். மெஷினில் அடித்துக் கொடுக்கும் அந்தச் சீட்டு வியர்வையில் நனைந்தால் எழுத்து அழிந்துபோகும். நான்கும் வெள்ளைத் தாளாக இருந்தன. இதை வைத்துக்கொண்டு நான் எப்படிப் பணம் கொடுப்பது, அடுத்த முறை பத்திரமாகக் கொண்டுவா என்றேன். அவள் எதுவும் சொல்லாமல் அந்த வெள்ளைத் தாள்களை மடித்து மறுபடியும் பையில் வைத்துக்கொண்டு போனாள். அடுத்த தேதிக்கு வரவில்லை. நாங்கள் அழைத்தபோது எடுக்கவும் இல்லை. மூன்று வாரம் கழித்து அவளே வந்தாள். பேருந்துக் கட்டணம் சேர்வதற்கு அவ்வளவு நாளாயிற்று. பையனின் மாத்திரை தீர்ந்து இருபது நாளாகியிருந்தது. இதுவரை அவன் ரத்தம் சரியாகத்தான் இருக்கிறது, இறைவன் அருளால் அப்படியே இருக்கட்டும். ஆனாலும் அந்த மூன்று வாரம் என் பெயரில் எழுதிய பற்றாகத்தான் நிற்கிறது.

அதன்பிறகு விதியை மாற்றினோம். இப்போது ஊருக்குக் கிளம்பும்போதே, அடுத்த முறை வருவதற்கான பணத்தை உறையில் போட்டு, உறையின்மேல் தேதியை எழுதிக் கொடுத்துவிடுகிறோம். கையெழுத்தோ கைநாட்டோ போதும், சீட்டு வேண்டாம். வாங்கிக்கொண்டு வராமலே இருந்துவிட்டால் என்ன செய்வது என்று எங்கள் கூட்டத்தில் ஒருவர் கேட்டார். அப்படியும் ஒருமுறை நடந்தது. உளுந்தூர்பேட்டைப் பக்கம் போகும் ஒருவரிடம் சொல்லி விசாரித்ததில், பிள்ளை இறந்து பத்து நாளாகியிருந்தது. உறை பிரிக்கப்படாமல் சாமிப் படத்துக்குப் பின்னால் இருந்ததாம்.

உன் மெம்பிஸ் மருத்துவமனையைப் பற்றி நான் படித்தவற்றில் என் மனத்தைத் தொட்டதும் இதுதான். சிகிச்சைக்கு மட்டுமல்லாமல், பயணத்துக்கும் தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும்கூட அவர்கள் குடும்பத்திடம் பில் நீட்டுவதில்லை. டேனி தாமஸ் என்ற நகைச்சுவை நடிகர், லெபனானிலிருந்து குடியேறியவர்களின் மகன், கையில் காசில்லாத காலத்தில் செய்துகொண்ட வேண்டுதலுக்காகக் கட்ட முனைந்த மருத்துவமனை அது. நம் ஊரில் வேண்டிக்கொண்டால் மொட்டை போடுவோம், மிஞ்சினால் மண்டபம் கட்டுவோம். அவர் 1957இல் தன் சமூகத்தாரைத் திரட்டி நிதி சேர்க்க ஓர் அமைப்பையே உருவாக்கி, 1962இல் மருத்துவமனையைத் திறந்தார். வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் தனித்தனி வாசல் வைத்திருந்த அந்தத் தென்பகுதியில், நிறம் பார்க்காமல் எல்லாப் பிள்ளைகளையும் சேர்த்தார்கள். அப்போது இந்த ரத்தப் புற்றுநோய் வந்த 100 பிள்ளைகளில் நான்கு பேர்தான் பிழைத்தார்கள். இன்று அங்கே 94 பேர் பிழைக்கிறார்கள். அந்த முன்னேற்றம் ஆராய்ச்சியால் வந்தது, அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த மருந்துகளின் முழு முறையையும் பிள்ளைகள் முடித்ததால் அல்லவா எது பலிக்கிறது என்றே கண்டுபிடிக்க முடிந்தது?

அமெரிக்காவில்தான் இப்படியெல்லாம் நடக்கும் என்று மட்டும் எண்ணிவிடாதே. அடையாற்றில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துக்கத்தை முப்பது ஆண்டுகள் மனத்தில் சுமந்து, வீடுவீடாக நன்கொடை திரட்டி, 12 படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கியது 1954இல். மெம்பிஸுக்கு எட்டு ஆண்டு முந்தியது. அந்த மருத்துவமனையை வளர்த்தெடுத்த டாக்டர் சாந்தா 2021இல் மறையும்வரை அந்த வளாகத்திலேயே வாழ்ந்தார்.

இன்னொன்றையும் கேள். முதல் மாதம் வாரந்தோறும் ஏற்றும் அந்த மருந்தின் பெயர் வின்கிரிஸ்டின். அது நம் நித்தியகல்யாணிச் செடியிலிருந்து பிரித்தெடுப்பது. தேவனாம்பட்டினத்து மணலில் நீ பறித்துவந்து, சுடுகாட்டுப் பூ என்று உன் பாட்டி வீட்டுக்குள் விடாமல் தடுத்தாளே, அதே பூ. இதை ஓர் ஆர்வத்தில் வீட்டிலிருந்த தாய்மார்களிடம் சொல்லப்போக, மறுநாள் ஒருத்தி அந்த இலையைப் பறித்து வேகவைக்கத் தொடங்கிவிட்டாள். நல்லவேளையாகச் சமையலறையில் நான் இருந்தேன். அளவில்லாமல் உள்ளே போனால் நஞ்சு அது. அன்றிலிருந்து இந்தக் கதையை உன்னைப் போன்றவர்களிடம் மட்டும்தான் சொல்கிறேன்.

பணம் அனுப்புவதாகச் சொன்னாய். வெளிநாட்டு நிதி பெறுவதற்கான ஒன்றிய அரசின் பதிவு எங்களிடம் இல்லை. நீ இன்னும் இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் குடிமகன் என்பதால், உன் சொந்தச் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாக அனுப்புவதைச் சட்டம் வெளிநாட்டு நிதியாகக் கொள்வதில்லை. கடவுச்சீட்டின் நகலை மட்டும் சேர்த்து அனுப்பு. அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்ட உன் நண்பர்கள் அனுப்பினால் நாங்கள் வாங்க முடியாது. அவர்கள் அங்கேயே அந்த மருத்துவமனைக்குக் கொடுக்கட்டும். ஒரே தடவையில் பெருந்தொகை அனுப்புவதைவிட, சிறு தொகையானாலும் மாதந்தோறும் 5ஆம் தேதிக்குள் வருவதுபோல் செய். உறைகள் மாதந்தோறும் போக வேண்டியவை. பொம்மைகள் வேண்டவே வேண்டாம். போன தீபாவளிக்கு வந்த கரடிப் பொம்மைகளே மூட்டையாகக் கிடக்கின்றன, தூசி சேருமென்று மருத்துவர்கள் அவற்றைப் பிள்ளைகளின் அருகில் விடுவதில்லை.

அதைவிட எனக்கு உடனடியாக வேண்டிய உதவி வேறு. சீட்டு இல்லாமல் வழிச்செலவு கொடுத்திருக்கிறீர்களே, இதை நான் எந்தத் தலைப்பில் காட்டுவது என்று எங்கள் ஆடிட்டர் இரண்டு முறை கேட்டுவிட்டார். மெம்பிஸில் இத்தனை குடும்பங்களுக்கு முன்கூட்டியே பயணச் செலவு செய்கிறவர்கள் அதற்கு எப்படிப் பற்று எழுதுகிறார்கள், கையொப்பம் வாங்கும் படிவம் எப்படி இருக்கிறது என்று உங்கள் அலுவலகத்தில் அந்த ஓட்டத்தை நடத்தியவர்களிடம் விசாரித்து எழுது. மார்ச் முடிவதற்குள் தெரிந்தால் நல்லது. நாளை வியாழக்கிழமை, ஒன்பது பிள்ளைகள் வருகிறார்கள். அவர்களில் பண்ருட்டிப் பையனும் உண்டு. ஐந்தரை மணிப் பேருந்தைப் பிடிக்க வேண்டும்.

மருமகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் என் ஆசிகள்.

அன்புடன்,
அம்மா