விரியன் நஞ்சும் பெப்டைடு ஆய்வும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பால்மரம் வெட்டப் போன என் தந்தையை விரியன் கடித்தபோது, ஈறுகளிலிருந்து இரத்தம் நில்லாமல் கசிந்ததைச் சிறு வயதில் கண்டேன். அத்தகைய நஞ்சிலிருந்தே மருந்து பிறந்த வரலாற்றைத் தங்கள் அறிவியல் பக்கம் விரிவாக எழுத வேண்டும்.

செல்லின் மேற்பரப்பில் உள்ள ஏற்பி (பிற மூலக்கூறுகளைப் பற்றிக்கொள்ளும் புரதம்), செல்கள் ஒட்டிக்கொள்ள உதவும் ஃபைப்ரோனெக்டின் என்னும் பெரும் புரதத்தைப் பற்றும் இடம் அர்ஜினின், கிளைசின், அஸ்பார்டிக் அமிலம் ஆகிய மூன்று அமினோ அமிலங்களின் வரிசையையே முதன்மையாகச் சார்ந்தது என்பதை, 1984இல் ஆய்வாளர்கள் பியர்ஷ்பாக்கரும் ருவோஸ்லாட்டியும் தாங்கள் செயற்கையாகத் தொகுத்த சிறு பெப்டைடுகளை (அமினோ அமிலங்கள் கோத்த குறுஞ்சங்கிலிகளை) கொண்டு காட்டினர். கடைசி அமிலத்துக்குப் பதிலாக ஒரே ஒரு கார்பன் கூடுதலான குளூட்டமிக் அமிலத்தை வைத்தால் பிடிப்பே போய்விடுகிறது. இரத்தம் உறைய உதவும் தட்டணுக்களின் ஏற்பியும் இத்தகைய வரிசையை அறிவதால்தான், அமெரிக்கக் குள்ள விரியன் ஒன்றின் நஞ்சுப் புரதத்தைப் பின்பற்றி, தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதைத் தடுக்கும், மாரடைப்பு நோயாளிகளுக்கான எப்டிஃபிபடைடு என்னும் மருந்து உருவானது.

இப்படிக்கு,
தோட்டத்து வாசகன், கூலிம், கெடா.