கோடை மழைச் செய்தியில் காற்றையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இந்தக் கோடை எப்படி இருக்கும் என்று வானிலை ஆய்வுத் துறை சொன்னதை வைத்துத் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். மார்ச் முதல் மே வரை வெயில் இயல்பைவிடச் சற்றுக் கூடுதல், மழை இயல்பை ஒட்டி என்று போட்டிருந்தீர்கள். டீக்கடையில் அதைச் சத்தமாக வாசித்தபோது பக்கத்தில் இருந்த பெரியவர், "இயல்புன்னா யாரு தோட்டத்து இயல்பு?" என்றார். அவர் கேட்டது சரிதானே என்று பட்டதால் எழுதுகிறேன்.

நான் தேனி மாவட்டம் கூடலூர்க்காரன். (நீலகிரியிலும் ஒரு கூடலூர் இருப்பதால், "கூடலூரில் கனமழை" என்று நீங்கள் போடும்போதெல்லாம் மதுரையில் இருக்கும் என் அக்கா பதறிப்போய் போன் செய்வார். அது தனிக் குறை.) ஊருக்கு மேற்கே மலை, மலை ஏறினால் குமுளி, அதோடு கேரளம். ஒன்றரை ஏக்கரில் வாழையும் கொஞ்சம் பன்னீர் திராட்சையும் வைத்திருக்கிறேன்.

மூன்று மாத மழையைக் கூட்டி "இயல்பு" என்று சொல்வதில் தப்பில்லை. ஆனால் அதில் பாதி ஒரே சாயங்காலத்தில் கொட்டித் தீர்த்தாலும் கணக்கு இயல்பாகத்தான் இருக்கும். வாழைக்காரனுக்கு மழையின் அளவு இரண்டாம்பட்சம். மழைக்கு முன்னால் வருகிற காற்றுதான் எங்களைக் குப்புறத் தள்ளுவது.

மூன்று வருடத்துக்கு முன்பு சித்திரை மாதம். அன்றைய பேப்பரில் "ஓரிரு இடங்களில் லேசான மழை, வெப்பம் கூடும்" என்று இருந்தது. வெயில்தானே என்று நம்பி, காலையில் மோட்டாரைப் போட்டு வாழைக்கு வயிறு நிறையத் தண்ணீர் பாய்ச்சினேன். மதியம் இரண்டரைக்கு மதினி போன் செய்தார். மலைமேல், கேரளத்து வண்டன்மேட்டுப் பக்கம் ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர். விடியக் காலையில் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு ஜீப் ஏறினால் சாயங்காலம்தான் இறங்குவார். "தம்பி, மேல நல்லா கருக்கிருச்சு, காத்தும் ஒரு மாதிரியா இருக்கு, பாத்துக்கங்க" என்றார். நான் தலைக்கு மேலே பார்த்தேன். வெள்ளை வெயில். சரி, அது கேரளாவுக்குப் போகிற மழை என்று விட்டுவிட்டேன்.

நாலு மணிக்குச் சில்லென்று ஒரு காற்று. அதிகம் போனால் பத்து நிமிடம். தொள்ளாயிரம் மரத்தில் அறுநூறுக்கு மேல் சாய்ந்துவிட்டன. சவுக்குக் கம்பு முட்டுக் கொடுத்திருந்த மரங்கள்கூட, மண் ஊறிக் கிடந்ததால், கம்போடு சேர்ந்து வேரைத் தூக்கிக்கொண்டு படுத்துவிட்டன. இன்னும் பதினைந்து நாளில் வெட்ட வேண்டிய தார். மழை அப்புறம்தான் வந்தது, அதுவும் தூறலாக. பயிர்ச் சேதம் 33 சதவீதத்துக்கு மேல் இருந்தால்தான் அரசு நிவாரணம். எனக்கு அதைவிட இரட்டிப்பு. அந்தப் பணத்துக்கு நான் நடந்த நடையை இங்கே எழுதினால் உங்கள் பக்கம் போதாது.

அந்தக் காற்று ஏன் மழையை முந்திக்கொண்டு வருகிறது என்பதை அதற்குப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். மேகத்திலிருந்து விழும் மழையில் கொஞ்சம் வழியிலேயே ஆவியாகிறது. அதனால் சுற்றியுள்ள காற்று குளிர்ந்து கனத்துப்போய், தரையில் மோதி நாலா பக்கமும் பாய்கிறது. எனவே மழை மலைமேல் பெய்துகொண்டிருக்கும்போதே காற்று கீழே தோட்டத்துக்கு வந்துவிடலாம். மதினி சொன்னதைக் கேட்டிருந்தால் நின்ற மரங்களுக்குக் கம்பையாவது இறுக்கிக் கட்டியிருப்பேன். காலையிலேயே தெரிந்திருந்தால் தண்ணீர் பாய்ச்சியிருக்க மாட்டேன், முக்கால் பருவம் வந்த தாரை வெட்டி விற்றிருப்பேன். விலை குறைவுதான், ஆனால் கையில் காசு நின்றிருக்கும்.

"ஓரிரு இடங்களில்" என்பதற்கும் ஒரு கணக்கு இருக்கிறதாம். ஒரு பகுதியில் உள்ள மழைமானி நிலையங்களில் கால் பங்கு அல்லது அதற்கும் குறைவான இடங்களில் மழை பதிவாகும் என்று பொருள். "ஒருசில இடங்களில்" என்றால் பாதி வரை. இத்தனை வருடமாகப் பேப்பர் படிக்கும் எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்தது. உங்கள் வாசகர்கள் எத்தனை பேருக்கு வித்தியாசம் தெரியும் என்று நினைக்கிறீர்கள்?

இன்னொரு சங்கடம், எல்லை. தேனிக்குச் சென்னை மையம் சொல்கிறது. மலைக்கு அந்தப் பக்கம் இடுக்கிக்குத் திருவனந்தபுரம் மையம் சொல்கிறது. மேகமோ இரண்டுக்கும் நடுவில் மலைமுகட்டில்தான் திரள்கிறது. அன்றைக்கு உயரத்தில் வீசும் காற்று எந்தப் பக்கம் தள்ளுகிறதோ அந்தப் பக்கம் இறங்கும். பல நாள் இடுக்கிப் பக்கமே போய்விடும், சில நாள் எங்கள் தலையில். மேலே உள்ள ஏலத்துக்கு இந்தக் கோடை மழை அவசியம்; 2024இல் அது தவறிச் செடி காய்ந்தபோது கீழேயிருந்து வேலைக்குப் போகிறவர்களுக்கும் சிரமம்தான். அதே மழை திராட்சை பழுக்கும் நேரத்தில் இங்கே இறங்கினால் பழம் வெடித்துவிடும். ஒரே வீட்டில் மதினி மழை வேண்டும் என்பார், நான் வேண்டாம் என்பேன்.

மதினியின் போன் சில சமயம் மலையாளத்தில் மஞ்சள் எச்சரிக்கை காட்டும். படிக்கத் தெரியாவிட்டாலும் யாராவது வாசித்தால் புரிந்துவிடும். காற்று, இடி, மின்னல் எல்லாம் அங்கேயும் அதே பெயர்தான். மழைக்கு மட்டும் வால் இல்லை, "மழ" என்பார்கள்.

வானிலைத் துறையின் மேல் எனக்குக் கோபம் ஒன்றுமில்லை. 2025இல் தென்மேற்குப் பருவமழை மே 27ஆம் தேதி, 4 நாள் முன்பின்னாகக் கேரளத்தில் தொடங்கும் என்றார்கள். 24ஆம் தேதியே தொடங்கிவிட்டது. சொன்ன கணக்குக்குள்தானே வந்தது! மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை காற்றின் வேகத்தோடு மாவட்டவாரியாக எச்சரிக்கையும் தருகிறார்கள். மின்னலுக்கு தாமினி என்று செயலி இருக்கிறது, என் மகன் போட்டுக் கொடுத்திருக்கிறான். ஆனால் தோட்டத்துக்குக் கிளம்புமுன் நான் புரட்டுவது உங்கள் பேப்பரைத்தான்.

பெரியாறு அணை நீர்மட்டம், நீர்வரத்து, வெளியேற்றம், தேக்கடி மழையளவு என்று எல்லாவற்றையும் ஒரு நாள் தவறாமல் போடுகிறீர்கள். ஏப்ரல், மே இரண்டு மாதத்துக்காவது அதன் பக்கத்தில் இரண்டு வரி கூடுதலாக வேண்டும். தேனியோடு இடுக்கிக்கும் அன்றைய எச்சரிக்கை என்ன, இடிமழையோடு காற்று மணிக்கு எத்தனை கிலோமீட்டர் வரை வீசலாம் என்பதுதான் அது. 30, 40 என்றால் முட்டுக் கம்பு பார்த்துக்கொள்ளும். 50, 60 என்றால் அன்றைக்கு நான் மோட்டாரைப் போட மாட்டேன்.

இடமில்லை என்பீர்கள். உங்கள் வானிலைப் பெட்டியின் கடைசியில் டெல்லி, மும்பை வெப்பநிலை தினமும் வருகிறது. அந்த வரியை எடுத்துக்கொள்ளுங்கள், எங்கள் ஊரில் யாரும் சண்டைக்கு வர மாட்டோம்.

இப்படிக்கு,
ஒரு வாழை விவசாயி,
கூடலூர், தேனி மாவட்டம்.